மாற்றுத்திறனாளிகளைச் சவாரிக்காகக் குதிரைமேல் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் மருத்துவர் ஒப்புதல். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். அதைச் சோதிக்காமல் ஏற்றவே கூடாது.

சேணவாரை ஏறுமுன் ஒருமுறை, சில அடி நடந்தபின் மறுமுறை இறுக்குங்கள். சில குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் (கள்ளத்தனம்தான்!), நடந்ததும் வார் தளர்ந்து சேணம் ஒருபக்கம் சரியும்.

சக்கர நாற்காலியில் வருபவரைச் சாய்தள மேடையிலிருந்து ஏற்றுங்கள். மேடையை ஒட்டிக் குதிரை நிற்கட்டும். மறுபக்கம் ஒருவர் கட்டாயம் வேண்டும். தொடைத் தசை இறுகியவரின் கால்களை வெடுக்கென விரித்தால் இறுக்கம் கூடும். முதுகு அகலம் குறைந்த குதிரையும், சேணத்துக்குப் பதில் கனத்த விரிப்பும் நல்லது: குதிரையின் உடற்சூடு தசையை இளக்கும். ஐந்து நிமிடம் மெதுநடையே போதும்.

பக்கத்துணையாக நடப்பவர் முன்கையைச் சவாரி செய்பவரின் தொடைமேல் குறுக்கே வைத்து, சேணத்தின் முன்விளிம்பைப் பிடிக்கவேண்டும். இடுப்புப் பட்டையை இழுத்தால் அவர் சமநிலை குலையும். கை வலித்தால் குதிரையை நிறுத்திவிட்டு, இருபக்கமும் நடப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பக்கம் மாறுங்கள். சேணத்தோடு ஆளைக் கட்டவே கூடாது. குதிரை விழுந்தால் அவரும் அடியில் சிக்குவார்.