மருந்து அடிக்கும் முன்பு இலையைத் திருப்பிப் பாருங்கள்: மாடித்தோட்டக் காய்கறிகளுக்கு வரும் நோய்கள்

மாடியில் நாலு தக்காளி, ரெண்டு கத்தரி, ஒரு பந்தல் பீர்க்கு வைத்திருக்கும் எவரும் ஒருநாள் கேட்கிற கேள்வி, "இலை சுருளுது, என்ன அடிக்கலாம்?" என்பதுதான். கேட்ட உடனே வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா, இஞ்சி பூண்டுக் கரைசல் என்று ஆளுக்கொரு பதில் வந்து விழும். ஆனால் மிளகாய் இலை சுருள்வதற்கே மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம், அதில் ஒன்றுக்கு வைத்தியமே கிடையாது. எதனால் என்று தெரியாமல் எதை அடித்தாலும் பலன் இருக்காது, அதற்குள் பக்கத்துத் தொட்டிக்கும் பரவிவிடும். அதனால் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு, முதலில் செடியை ஒழுங்காகப் பார்ப்போம்.

எங்கே பார்ப்பது

பாதிப்பு அடி இலையிலா, நுனிக் கொழுந்திலா என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் சீராக மஞ்சளாகிக் கொண்டே வந்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, அல்லது அந்த இலைகளுக்கு வயதாகிவிட்டது. அடி இலையில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மெக்னீசியம் குறைவு, அதுவே புதுக் கொழுந்தில் நடந்தால் இரும்புச்சத்து. இதெல்லாம் நோயே இல்லை, உரத்தைக் கவனித்தாலே சரியாகிவிடும். சத்துக்குறைவு பொதுவாகச் செடி முழுக்க ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாக, புள்ளியாக, ஓரமாக, ஒரு கிளையில் மட்டும் என்று தொடங்கும்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் எல்லாம் குடியிருப்பது அடிப்பக்கத்தில்தான். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், தாளில் விழுந்தது நகர்ந்தால் பூச்சி. மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

அப்புறம் மண். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருந்தால் செடி வாடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்ட தொட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். செடி வாடுகிறது என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் இன்னும் அழுகும். ஏப்ரல், மே மாத மத்தியான வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்துவிடும் செடிக்கு நோய் இல்லை. காலையிலும் துவண்டே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மிளகாய் இலைச் சுருட்டல்

இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி ஆனால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து இறுகிப்போனால் மஞ்சள் சிலந்திப்பேன். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, அப்போது ஒரே செடியில் இரண்டு மாதிரியும் தெரியும். இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கிச் செடியே குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் கேட்கும், தொடர்ந்து அடித்தால். சிலந்திப்பேனுக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும், ஆனால் கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை கருகும். இன்னொரு முக்கியமான விஷயம், வேப்பெண்ணெய் அடித்த செடிக்குக் குறைந்தது இரண்டு வாரம் கந்தகம் அடிக்கக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். வைரஸ் வந்த செடியைப் பிடுங்க வேண்டியதுதான். நுனியைக் கிள்ளிவிட்டால் புதுத் துளிர் நன்றாக வரும் என்பது பேன் பாதித்த செடிக்கு ஓரளவு சரி. வைரஸ் செடியில் வருகிற துளிரும் சுருண்டே வரும்.

வெண்டையின் மஞ்சள் நரம்பு

இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம். நரம்புகள் மட்டும் வலை பின்னியது போல் மஞ்சளாகும், பிறகு இலை முழுவதும் மஞ்சளாகும், காய் வெளிறி நார் பாய்ந்துவிடும். மஞ்சள் நரம்புத் தேமல் நோய் என்று பெயர். 1924-லேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய் இது, இத்தனை வருடங்களாகியும் வந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. யாராவது ஏதாவது கரைசல் அடித்துச் சரியானது என்று சொன்னால் அது பெரும்பாலும் சத்துக்குறைவாகத்தான் இருந்திருக்கும்.

செடி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பிடுங்குங்கள். காய்த்து முடியும் தறுவாயில் வந்தால், பக்கத்தில் இளம் வெண்டை எதுவும் இல்லாத பட்சத்தில், இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு பிறகு எடுக்கலாம். பிடுங்கும்போது செடியை உலுக்காதீர்கள், இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் கிளம்பி அடுத்த செடியில் உட்காரும். விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும், அப்போது ஒரு பையால் செடியை மூடி அப்படியே எடுத்துவிடுவது நல்லது. விதை வாங்கும்போது இந்த நோயைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி இரண்டும் அதற்காகவே உருவாக்கப்பட்டவை, இப்போது பல இடங்களில் அவற்றின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது என்றாலும் ஒன்றும் தெரியாத விதைக்கு இது மேல்.

கத்தரியில் இதே கதை வேறு உருவத்தில் வரும். இலைகள் நகம் அளவுக்குச் சிறுத்து, செடி புதர் மாதிரி அடர்ந்து, பூவே வராது. சிற்றிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது. செடி பச்சைப்பசேல் என்று செழிப்பாகத் தெரிவதால் பலருக்கு எடுக்க மனசு வராது. அது இனிமேல் காய்க்காது, எடுத்துவிடுங்கள்.

தக்காளி

வீட்டுத் தோட்டத்தில் அதிகம் படுத்துவது தக்காளிதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

அடி இலைகளில் பழுப்புப் புள்ளி, அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள், சுற்றிலும் மஞ்சள். இது இலைக்கருகல். மண்ணில் இருக்கும் பூஞ்சாணம் தண்ணீர் தெறிக்கும்போது அடி இலையில் ஏறுகிறது, அங்கிருந்து மேலே போகிறது. பாதித்த இலைகளைக் கிள்ளி எடுங்கள், செடி இடுப்பளவு வந்த பிறகு தரையிலிருந்து ஓரடி வரை இலையே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மண்மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ பரப்புங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், பூவாளியால் தலைக்கு மேல் தெளிக்க வேண்டாம். இந்த நாலு வேலையைச் செய்தாலே முக்கால்வாசி நோய் அடங்கும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்களுக்குப் பின்பருவக் கருகலும் வரும். தண்ணீரில் ஊறியது போன்ற பெரிய கரும்படலம் இரண்டு மூன்று நாளில் செடியையே அழுக வைத்துவிடும், அங்கே காத்திருக்கக் கூடாது.

காயின் அடிப்பாகம் கறுத்துத் தோல் மாதிரி தட்டையானால் அது நோயில்லை. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்கு ஏறாது. முட்டை ஓட்டுத்தூள் மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும்.

அடுத்தது வாடல். நேற்றுவரை பச்சையாக இருந்த செடி, ஒரு இலைகூட மஞ்சளாகாமல் திடீரென்று தொங்கிப்போனால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தண்டின் அடிப்பாகத்தில் இரண்டு மூன்று அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை நூலாக இறங்கினால் சந்தேகமே வேண்டாம், அது பாக்டீரியாதான். இழை எதுவும் வராமல், தண்டை நீளவாக்கில் பிளந்தால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடினால், அதோடு இலைகளும் ஒரு பக்கமாக மஞ்சளாகி வந்திருந்தால், அது பூஞ்சாணம் தரும் பியூசேரியம் வாடல். இரண்டுமே மண்ணில் தங்கும். செடியை வேரோடும் மண்ணோடும் அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தத் தொட்டியில் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். கீரையோ கொத்தவரையோ போடுங்கள். தக்காளியே வேண்டும் என்பவர்களுக்குப் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இருக்கிறது. இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு அது.

வாடிய செடியைப் பிடுங்கும்போது வேரில் முண்டு முண்டாகக் கழலைகள் இருந்தால் அது நூற்புழு. வேப்பம்புண்ணாக்கு மண்ணில் கலப்பதும், தோட்டத்தில் செண்டுமல்லியைச் சேர்த்து வளர்ப்பதும் அதைக் குறைக்கும்.

பந்தல் கொடிகளின் சாம்பல்

பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி, பூசணி இலைமேல் மாவு தூவியது போல் வெள்ளையாகப் படர்வது சாம்பல் நோய். இலை ஈரமாக இல்லாவிட்டாலும் வரும், நம் ஊரில் பனி இறங்கும் தை, மாசியில் பார்க்கலாம். மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள், அடிப்பக்கம் சாம்பல் கலந்த ஊதாப் பூஞ்சை என்றால் அது அடிச்சாம்பல், ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், முதலாவதுக்குக் கேட்பது இரண்டாவதுக்குக் கேட்காது.

சாம்பல் நோய்க்குப் பால் நல்ல மருந்து. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை, காலை வெயிலில், இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி அடியுங்கள். பிரேசிலில் பூசணிக் குடும்பத்துச் சுக்கினி செடிகளில் பாலைச் சோதித்துப் பார்த்து 1999-ல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. நோய் தொடங்கியவுடன் அடிக்க வேண்டும், இலை முழுக்க வெளுத்த பிறகு அடித்துப் பயனில்லை. அடிச்சாம்பலுக்கு முக்கியம் காற்றோட்டம். பந்தலில் அடி இலைகளைக் கழித்து, கொடிகளைப் பிரித்துவிடுங்கள், சாயங்காலத் தண்ணீரை நிறுத்துங்கள். கந்தகத் தூளையும் தாமிர மருந்தையும் பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் போடாதீர்கள், இலை தாங்காது.

கரைசல் அடிக்கும்போது

வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்காது. ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்றால், முதலில் அதைக் காதி சோப்புக் கரைசலிலோ பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ விட்டுப் பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்கிவிட்டு, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் அதை அடிக்காதீர்கள், மிதக்கிற எண்ணெய் விழுந்த இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வெயிலில் வேப்பெண்ணெயின் வீரியம் சீக்கிரம் போய்விடும், அதோடு பகலில் பூவுக்கு வரும் தேனீக்கள் மேலும் படும். தேனீ வராமல் பீர்க்கும் பூசணியும் எப்படிக் காய்க்கும்? ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது அடிக்க வேண்டும், ஏனென்றால் முட்டைகள் தப்பித்துப் பிறகு பொரிக்கும்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை உண்மையிலேயே வேலை செய்யும். மஞ்சள் பெயின்ட் அடித்த தகடோ பிளாஸ்டிக் மூடியோ எடுத்து விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள், செடி வளர வளர அட்டையையும் ஏற்றுங்கள்.

கடை ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி வீட்டுக்குத் தேவையா என்றால், என் கருத்தில் பெரும்பாலும் தேவையில்லை. நாலு செடி போனால் மறுபடி விதைக்கலாம், நாம் பறித்த கையோடு சாப்பிடுகிற காய் இது. அப்படியும் தக்காளிக் கருகல் கட்டுக்கடங்கவில்லை என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் அடித்து, மருந்துப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி காத்திருந்து பறியுங்கள்.

வருமுன்

நாற்று முளைத்து இரண்டு மூன்று நாளில் தண்டு தரையோடு நைந்து சாய்வது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்து, தண்ணீரை அதிகம் ஊற்றினால் கட்டாயம் வரும். விதையை, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடியில், கிலோவுக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை, புரட்டி விதையுங்கள். இல்லையென்றால் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா, அது கிலோவுக்கு 10 கிராம். இரண்டும் வேளாண் அறிவியல் நிலையங்களில் மலிவாகக் கிடைக்கும், வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், இவை உயிருள்ளவை. தாமிர மருந்து அடித்த கையோடு இவற்றைப் போட்டால் செத்துப்போகும்.

பழைய மண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். பிறகு மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா கலந்தால் புது மண் மாதிரிதான். நோய்ச்செடி வெட்டிய கத்தரிக்கோலை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பீடி, சிகரெட் பிடித்த கையோடு தக்காளிச் செடியைத் தொட வேண்டாம், புகையிலைத் தேமல் வைரஸ் கையிலேயே வரும்.

என்ன செய்தும் புரியவில்லை என்றால் கிசான் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேரில் போவதாக இருந்தால் ஒரே ஒரு வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். இப்போதுதான் நோய் தொடங்கிய ஒரு செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் போய்ச் சேருவதற்குள் வேர்த்து அழுகி எது நோய் என்றே தெரியாது. கடைசியாக என்ன உரம் போட்டீர்கள், என்ன அடித்தீர்கள், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.