போதகர் பணியிடங்களையும் சபை எல்லைகளையும் திட்டமிடும் முறை

கடலூர் வட்டாரத்தில் குருசேகர (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) எல்லைகளைத் திருத்தி வகுக்க முனையும் குழுவினர், ஸ்காட்லாந்தின் தேசியத் திருச்சபை கையாளும் முறையை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பிரஸ்பிட்டேரியன் மரபைச் சார்ந்த அத்திருச்சபையில் பேராயர் இல்லை; போதகர்களும் மூப்பர்களும் கூடும் பிரஸ்பிட்டரி என்னும் வட்டார மன்றமே, அத்திருச்சபையின் உயர்மன்றமாகிய பொதுப்பேரவை 2021இல் இயற்றிய சட்டத்தின்படி, 5 ஆண்டுகளுக்கான திட்டத்தை எழுதி, ஆண்டுதோறும் திருத்துகிறது.

முதலில் பணியிடங்களின் எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள். ஊதியம் தர இயலாத இடத்தைத் தாளில் காட்டுவது சபையாருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அடுத்து, வரைபடத்தை மட்டும் நம்பாமல் பயணத்தைக் கணக்கிடுங்கள். மஞ்சக்குப்பத்தில் காலை ஆராதனையை முடிக்கும் போதகர், நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் திருவிருந்து நடத்த வேண்டுமானால், பேருந்து நேரத்தையும், தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களையும் கருத வேண்டும்.

கட்டடங்களை, வைத்துக்கொள்ளத்தக்கவை, குறித்த காலத்துக்குள் கைவிட வேண்டியவை என ஸ்காட்லாந்தில் பிரிக்கிறார்கள். இங்கே ஆலயத்தோடு கல்லறைத் தோட்டமும் பள்ளியும் இணைந்திருக்கலாம் என்பதால், சபையாரின் கருத்தைக் கேட்காமல் இம்முடிவை எடுக்கவே கூடாது.

ஸ்காட்லாந்தில் போதகரைத் தேர்ந்து அழைப்பது சபையின் உரிமை. ஆனால் அந்தப் பணியிடம் இருக்குமா என்பதைத் திட்டம் தீர்மானிக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையிலோ, பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பேராயம் போதகர்களை இடமாற்றம் செய்வது உண்டு. ஆகவே போதகரின் பிள்ளைகளுடைய கல்வியாண்டு முடிந்தபின் மாற்றம் நடைமுறைக்கு வருமாறு தேதி குறியுங்கள்.