ஆந்திரக் கணக்கும் யாழ்ப்பாணக் கிணறும்

நன்னீர் இறால் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் ஆந்திரக் குளங்களையோ வங்காளதேசத்தின் குல்னா வயல்களையோ காணொளியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த விளைச்சலைத் தம் காணியின் அளவால் பெருக்கிப் பார்ப்பதுதான் முதல் தவறு. குல்னாவில் மழையும் ஆறும் நீரைக் கொண்டுவந்து வயலில் விடுகின்றன; வரம்பை உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, நெல்லோடு இறாலையும் எடுக்கிறார்கள். ஆந்திராவிலோ 2009இல் வன்னாமை என்ற வெளிநாட்டு இறாலுக்கு அனுமதி கிடைத்த பின் பலர் நன்னீர் இறாலைக் கைவிட்டார்கள். காணொளியில் அது வராது.

யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரியில் நிரம்பும் குளம் கோடையில் வெடித்துக் கிடக்கும்; இறாலுக்கு ஐந்தாறு மாதமாவது நீர் வேண்டும். ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 250 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 4 குஞ்சு விட்டு, பாதி தப்பி, ஒவ்வொன்றும் 40 கிராம் வந்தால் கிடைப்பது 20 கிலோ. நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலே மாதம் 37,500 லீற்றர் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலம் குடிப்பது தனி. குளம் வெட்டுமுன் சிறு குழி தோண்டி, நீர் நிரப்பி, தடியில் கோடு போட்டு ஒரு கிழமை பாருங்கள். நட்டத்தில் பாதி அந்தத் தடியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நீரின் வன்மை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான். லீற்றருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் இறாலின் வளர்ச்சி மந்தமாகும், ஓட்டிலும் படிவு ஏறும். பரிசோதிக்காமல் குஞ்சு வாங்குவது வீண்.

“கொஞ்சம் கூடவே விடுவோம்” என்பது இன்னொரு நினைப்பு. நீண்ட நீலக் கால்களுடைய ஆண் இறால்கள் சிறியவற்றை வளரவிடாது. ஓடு கழற்றிய இறாலை மற்றவை தின்றுவிடும். ஒரே குளத்தில் உள்ளங்கையை நிறைக்கும் இறாலும் விரலளவு இறாலும் கிடப்பது இதனால்தான். ஒளிய மறைவிடம் வையுங்கள். பெரியவற்றை அகன்ற கண் வலையால் முதலில் எடுங்கள்.

விற்கும்போது தலை பெரிது, சதை பாதிக்கும் குறைவு. கடல்நீரேரியின் சிறகுவலை இறாலைத் தின்று பழகிய நாக்குக்கு இது உடனே தெரியும். பிடித்தபின் வெயிலில் வைத்தால் தலையிலுள்ள செரிமான நொதிகள் சதையைக் குழைத்துவிடும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். வலையை இறக்குமுன் ஐஸ் கரைக்கு வந்திருக்க வேண்டும்.