கேஸ் மாத்திரை கேட்பதற்கு முன்

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். வயிற்றில் எந்தக் கோளாறு என்று வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மலம் என்ன நிறம், ரத்தமோ சளியோ கலந்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாளாக. இந்த நாலையும் சொல்லத் தெரிந்தவருக்கு டாக்டர் சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிடுவார். வெட்கப்பட்டு "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்கிறவர்தான் மூன்று இடம் அலைகிறார்.

வட சென்னை கொருக்குப்பேட்டையில் 31 வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பார்மசி படித்தவன், டாக்டர் இல்லை. அதனால் இங்கே எழுதுவது, டாக்டரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம், எப்போது காத்திருக்கக் கூடாது, போனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும். "அண்ணா, வவுறு ஒரு மாதிரியா கீது, கேஸ் மாத்திர ஒண்ணு குடு" என்று தினமும் வந்து நிற்கிறார்கள். எங்கள் ஏரியாவில் "கேஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் நெஞ்செரிச்சலும் உண்டு, பித்தப்பைக் கல்லும் உண்டு, மாரடைப்பும் உண்டு. மாத்திரை எடுக்கக் கை போவதற்கு முன் நான் நாலு கேள்வி கேட்பேன். அந்தப் பழக்கம் எங்கள் அப்பாவால் வந்தது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையை விட்ட பிறகு முழங்கால் வலிக்கு தினமும் ஒரு டைக்ளோபினாக். நம்ம கடைதானே என்று அவரே ஸ்ட்ரிப்பைக் கிழித்துக்கொள்வார், அதுவும் காலையில் வெறும் வயிற்றில், டீயோடு. நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் "மேல் வயிறு எரியுதுடா" என்றார். ஆன்டாசிட் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எரிச்சல் அடங்கிற்று. வெளிக்கு எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. பிள்ளையிடம் சொல்கிற விஷயமா என்று அவரும் சொல்லவில்லை. பத்து நாளாகத் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று, வழக்கத்தில் இல்லாத நாற்றத்தோடு போய்க்கொண்டிருந்ததாம். அவர் கழிப்பறையில் மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி செய்தபோது சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அதை உண்டாக்கிய மாத்திரை என் கடை மாத்திரை.

வயிற்றின் மேல் பகுதியில் ரத்தம் கசிந்தால் அது செரித்துக் கீழே இறங்குவதற்குள் கறுத்துவிடும். சிவப்பாக வந்தால் பெரும்பாலும் பெருங்குடல், ஆசனவாய்ப் பக்கம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும், ஆனால் அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. தார் மாதிரிப் போனாலோ, காபிப் பொடி கரைத்தது போல வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

"காரம் காரமாத் தின்னா புண்ணு வராம என்ன வரும்" என்று அம்மா அழுதாள். காரம் எரிச்சலைக் கூட்டும். ஆனால் அல்சருக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: வலி மாத்திரை, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அப்பாவுக்கு இரண்டும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984இல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு. அந்தக் கிருமிக்கான மருந்து அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்தது, பொதுவாக 14 நாள். நாலாம் நாளே எரிச்சல் போய்விடும், மீதியை டப்பாவில் போட்டு வைப்பார்கள். அப்படி விட்டால் கிருமி முழுசாகச் சாகாது, அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் போன்ற மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் குறைந்துவிடும். அதையும் டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் நீங்களாக ஓட்டாதீர்கள். முழங்கால் வலிக்கு மாத்திரை தேவையென்றால் வெறும் வயிற்றில் வேண்டாம்; அறுபது தாண்டியவரோ, ஏற்கெனவே அல்சர் வந்தவரோ டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வாந்திபேதி வந்த முதல் நாள்

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் வயிறு பயந்துகொண்டுதான் இருக்கும். தெருக் குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவே எந்த இடத்தில் ஓட்டை என்று யாருக்கும் தெரியாது; தண்ணீர் கலங்கலாக வந்தாலோ லேசாக வாடை அடித்தாலோ அது குடிக்க ஆகாது, துணி துவைக்கத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த வாரம், என் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வாந்திபேதிக்காரர்கள்தான். 1992 கடைசியில் ஓ139 என்ற புது வகைக் காலரா முதன்முதலில் கண்டறியப்பட்டதும் நம்ம சென்னையில்தான். ஆகையால் குடம் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

வாந்திபேதியில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். கடைக்கு வருகிறவர்கள் "நிக்கறதுக்கு மாத்திர" கேட்பார்கள். நான் முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்து வைப்பேன். இருபது கிராம் பொடியா என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்குச் சொல்வேன்: 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோய், திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. கிட்டத்தட்ட அதே சரக்குதான் இந்தப் பாக்கெட்டில் இருக்கிறது.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. இதில்தான் பலரும் தப்புச் செய்கிறார்கள். ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறிப்போய் ஆபத்து. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை அளவாக வைத்து, பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, மேலே எழுதியிருப்பதைப் படித்துக் கலக்குங்கள். பாக்கெட்டே கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. பழக்கடை டெட்ரா பாக்கெட் ஜூஸை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். அதில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவே வந்தது.

இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, பத்து வயசுவரை 100 முதல் 200, பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பியுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஜிங்க் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, தினமும் 10 முதல் 14 நாள். பேதி நின்ற பிறகும் அதைக் கொடுத்து முடியுங்கள்.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள், உடனே சமமாகாமல் மடிப்பு மெதுவாக இறங்கினால், கண் குழி விழுந்திருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், குழந்தை துவண்டு குடிக்கவே மறுத்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக, நிற்காமல் கொட்டினால் காலராவாக இருக்கலாம். தண்டையார்பேட்டையில் இதற்கென்றே தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியும் பக்கம். போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கட்டும்.

ரத்தமும் சளியும் கலந்து, காய்ச்சலோடு, போனபிறகும் போக வேண்டும் போல முக்கல் இருந்தால் அது சீதபேதி, ரத்தபேதி. இதற்கு லோப்பரமைடு போன்ற நிறுத்தும் மாத்திரை கூடாது. சின்னக் குழந்தைக்கு எந்தப் பேதிக்கும் கூடாது. அமீபாவுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. வைரஸால் வரும் சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். சீட்டு இல்லாமல் அதை நான் கொடுக்க மாட்டேன். இதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வலி எங்கே

விரல் ஒன்றை வைத்துக் காட்டச் சொல்வேன். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது பக்கம் கீழே இறங்கி, இருமினாலும் நடந்தாலும் குத்தினால் குடல்வாலாக இருக்கலாம். இந்த நேரத்தில் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை நீவவும் விடாதீர்கள். வீங்கிய குடல்வால் உடைந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். குழந்தை வாந்தி எடுத்தால் தொக்கம் எடுக்க, அதாவது உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்கிறவரிடம், தூக்கிக்கொண்டு ஓடுவதும் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டிமார்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே வரிசையில் நிற்கும் அரை நாளில் குழந்தையின் உடம்பு வற்றிவிடும்.

பிரியாணி சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்கு ஏறினால் பித்தப்பை. தொடர்ந்து குடிக்கிறவருக்கு மேல் வயிற்றில் வலி முதுகுவரை ஊடுருவி, முன்னால் குனிந்தால் சற்றுத் தணிந்தால் கணையம். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், பச்சையாக வாந்தி வந்தால் குடல் அடைப்பு. இது ஆபரேஷன் தியேட்டர் விவகாரம். நாற்பது தாண்டியவரோ சர்க்கரை நோயாளியோ வேர்த்துக் கொட்டி "நெஞ்சுக்குழியில கேஸ் அடைக்குது" என்றால், என்னிடம் மாத்திரை கிடையாது, முதலில் ஈ.சி.ஜி.

காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறி, ஒரு வாரமாகியும் விடாமல் வயிறும் கெட்டிருந்தால் டைபாய்டாக இருக்கலாம். அதற்கு எடுக்கும் விடால் ரத்த டெஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள், அது பலமுறை ஏமாற்றும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன், ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால் கீழாநெல்லி அரைப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை. தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்ற காமாலை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து.

மின்சார ரயிலிலும் பொதுக் கழிப்பறைச் சுவரிலும் "மூலம், பௌத்திரம்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று முடிவு செய்து அந்த நம்பருக்குப் போகாதீர்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் 45 வயசு தாண்டி, மலம் போகும் பழக்கம் மாறி, எடை குறைந்து, ரத்தசோகையும் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூலம் என்று சொல்ல வேண்டும். பான்பராக், புகையிலை பழக்கம் உள்ளவருக்குச் சோறு விழுங்க அடைத்து, பிறகு கஞ்சியும் அடைத்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

டெஸ்ட் எழுதிக் கொடுத்தால்

மலப் பரிசோதனைக்கு லேப் கொடுக்கும் டப்பாவில், சிறுநீர் படாமல், ரத்தமோ சளியோ இருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்து எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வெயிலில் பாதி நாள் பையில் கிடந்ததில் அமீபாவைத் தேடிப் பயனில்லை. வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும். பைலோரி டெஸ்ட்டுக்கு இரண்டு வாரம் முன்பே அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்துப் பொடியையும்கூட ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

எண்டோஸ்கோபி என்றதும் பயந்து பாதியில் திரும்பி வந்த அக்கா ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. ஸ்டான்லியில் ஜீரண மண்டலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது, அங்கே தினசரி நடக்கும் வேலை இது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய். குமட்டும், மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் அடங்கும். வெறுமனே பார்ப்பதென்றால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். முடிந்ததும் டீக்கடைக்கு ஓடாதீர்கள், தொண்டை இன்னும் மரத்திருக்கும். எச்சிலை நன்றாக விழுங்க வந்த பிறகுதான் முதல் வாய்த் தண்ணீர்.