காற்றடிக்கும் பம்பும் எரிந்துபோன ஃபியூசும்

கார் டயருக்குக் காற்றடிக்க வாங்கிய சிறிய கம்ப்ரசர், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். அதன்பிறகு அதைச் செருகியிருந்த லைட்டர் சாக்கெட்டில் மொபைல்கூட சார்ஜ் ஆகாது. பார்த்தால் காரின் 15 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கும்.

புது ஃபியூஸ் போட்டேன், மறுபடியும் போனது. என்ஜினை ஓடவிட்டு அடித்தும் பயனில்லை. வயரிங்கில் ஷார்ட் இருக்கும் என்று மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றித் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. இப்படியே நாட்கள் போயின.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். பாதி இறங்கிய டயரில் ஆரம்பத்தில் சிக்கலே இல்லை. காற்றழுத்தம் 28, 30 பிஎஸ்ஐயை நெருங்கும்போதுதான் நிற்கிறது. டயரில் அழுத்தம் ஏற ஏற மோட்டாருக்குச் சுமை கூடும், அது இழுக்கும் மின்சாரமும் கூடும். பம்பின் அடியில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 200 வாட் என்றிருந்தது. வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர்! 15 ஆம்பியர் ஃபியூஸ் எப்படித் தாங்கும்?

பெரிய ஃபியூஸ் போடலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள், ஃபியூசுக்குப் பதில் வயர் உருகும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப் உள்ள பம்புக்கு மாற்றினேன். அதன் வயரிலேயே தனி ஃபியூஸ் இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டு நான்கு டயரையும் 33க்கு ஏற்றினேன், நிற்கவே இல்லை.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 150 பிஎஸ்ஐயைப் பார்க்க வேண்டாம், காருக்கு அது தேவையே இல்லை. ஆம்பியரைப் பாருங்கள். இன்னொன்று: பம்பு ஓடும்போது மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும், நிறுத்திவிட்டுப் படியுங்கள்.