மேட்ரிக்ஸும் ஃபைலும்: எரரே காட்டாம காலை வாருற தப்புகள்

போன வாரம் புதுசா கோட் எழுத ஆரம்பிச்ச ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். ஃபைல்ல இருக்குற மார்க் டேபிளைப் படிச்சு மேட்ரிக்ஸ்ல போடணும், ஒரு மார்க்கைத் திருத்தணும், திரும்ப அதே ஃபைல்ல எழுதணும், அவ்ளோதான் கணக்கு. தம்பி பைத்தான்ல எழுதறான், தங்கச்சி சி-ல எழுதறா. அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் சேந்து, நான் ரெண்டு வருஷத்துல பண்ண கூத்தை எல்லாம் பண்ணி முடிச்சுட்டாங்க.

செமிகோலன் விட்டது, இன்டெக்ஸ் 0ல ஆரம்பிக்கும்னு மறந்தது, ஃபைல் பேர்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக், இதையெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. அதுக்கெல்லாம் கம்பைலரே திட்டிடும், இல்லனா முதல் ரன்லயே பல்லிளிச்சிடும். எனக்கு பயம் சத்தமே போடாத தப்புகள் மேலதான். புரோகிராம் ஓடும், அவுட்புட் வரும், நீங்களும் லேப்டாப்பை மூடிட்டு நிம்மதியா தூங்கப் போயிடுவீங்க.

3க்கு 3 வச்சு டெஸ்ட் பண்றது

ஸ்கூல்ல அணிகள் பாடத்துல நிரை, நிரல்னு படிச்சோம்ல, எது படுக்கை எது நெடுக்கைனு எனக்கு அப்பவே குழம்பும் (நிரை படுக்கை, நிரல் நெடுக்கை). பேசும்போது எல்லாரும் ரோ, காலம்னுதான் சொல்றோம், ஆனா காலம்னு எழுதினா டைம் மாதிரி படிக்குது, அதனால இங்க நிரை நிரல்னே வச்சுக்கறேன்.

விஷயம் என்னன்னா, லூப்ல நிரை எண்ணிக்கையையும் நிரல் எண்ணிக்கையையும் மாத்திப் போட்டாலும் 3க்கு 3 மேட்ரிக்ஸ்ல எல்லாம் கரெக்டா வரும், ரெண்டும் 3 தானே. அப்புறம் ஒருநாள் 3க்கு 4 டேட்டா வரும். பைத்தான்னா லிஸ்ட் இன்டெக்ஸ் தாண்டிருச்சுனு கத்திடும், அது புண்ணியம். சி கத்தாது. சி-ல மேட்ரிக்ஸ் மெமரியில நிரை நிரையா வரிசைல உக்காந்திருக்கும், 4 நிரல் இருக்குற மேட்ரிக்ஸ்ல அஞ்சாவது நிரலைக் கேட்டா அடுத்த நிரையோட முதல் எண் வந்து நிக்கும், பாக்குறதுக்கு நல்ல எண் மாதிரியே இருக்கும். விதிப்படி அது செய்யவே கூடாத வேலை, என்ன வேணா நடக்கலாம், ஆனா பெரும்பாலும் நடக்கறது இந்த அமைதியான தப்புதான். டெஸ்ட் டேட்டா எப்பவுமே 3க்கு 4, 2க்கு 5னு கோணலா இருக்கட்டும்.

கேம், இமேஜ் பக்கம் போறவங்களுக்கு இன்னொரு குழப்பம். எக்ஸ்னா நிரல், ஒய்னா நிரை, ஆனா இன்டெக்ஸ் போடும்போது நிரைதான் முதல்ல வரும், அதனால ஒய் முன்னாடி, எக்ஸ் பின்னாடி. நான் இப்பல்லாம் ஐ, ஜே-னு கூட பேர் வைக்கறதில்ல, நிரை நிரல்ங்கற அர்த்தம் வர்ற பேரையே வச்சுடறேன், கூட நாலு எழுத்து டைப் பண்றதுல ஒண்ணும் குறைஞ்சு போகல.

பைத்தான்ல நிரையைப் பெருக்கி மேட்ரிக்ஸ் செய்யறது

தம்பி இதைத்தான் பண்ணான். நாலு பூஜ்ஜியம் இருக்குற ஒரு லிஸ்ட், அதை ஸ்டார் போட்டு 3ஆல பெருக்கு, 3க்கு 4 மேட்ரிக்ஸ் ரெடி. பிரின்ட் பண்ணா அழகா இருக்கு. முதல் நிரையில ஒரு மார்க் போட்டான், மூணு நிரையிலயும் அதே மார்க். அங்க மூணு நிரை இல்ல, ஒரே நிரைக்கு மூணு பேர். உள்ள எண்களைப் பெருக்கறது பிரச்னை இல்ல, நிரையைப் பெருக்கறதுதான் பிரச்னை, நிரைகளை லூப்லயோ காம்ப்ரிஹென்ஷன்லயோ ஒவ்வொண்ணா புதுசா செய்யணும். காப்பி எடுக்கறதும் இதே கதைதான், வெளி லிஸ்டை மட்டும் காப்பி பண்ணா உள்ள இருக்குற நிரையெல்லாம் பழசுதான், டீப்காப்பி வேணும்.

படிக்கிற இடத்துலயே எழுதறது

டிரான்ஸ்போஸ் (நிரையை நிரலா, நிரலை நிரையா மாத்தறது) எழுதச் சொன்னா முக்காவாசி பேர் ரெண்டு லூப்பையும் 0ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டி ஸ்வாப் பண்ணுவாங்க. முதல் தடவை மாறும், எதிர்ப்பக்கம் வரும்போது அதே ஜோடி திரும்ப மாறி பழைய இடத்துக்கே வந்துடும். கடைசில மேட்ரிக்ஸ் அப்படியே இருக்கும். நான் ஒரு மணி நேரம் பிரின்ட் ஃபங்ஷன்லதான் தப்புனு தேடிட்டு இருந்தேன். உள் லூப் மூலைவிட்டத்துக்கு அடுத்த செல்லுல இருந்து ஆரம்பிக்கணும், அவ்ளோதான்.

கான்வேயோட கேம் ஆஃப் லைஃப் (கட்டம் கட்டமா இருக்குற செல்லுங்க ஒவ்வொரு தலைமுறையிலயும் பிழைக்கும், சாகும், புதுசா பிறக்கும்; 1970ல வந்தது, இன்னிக்கும் பயிற்சிக்கு கொடுக்கறாங்க) இன்னும் மோசம். ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுத்தி இருக்குற 8 செல்லைப் பாத்துதான் முடிவெடுக்கணும், அதுவும் பழைய தலைமுறை செல்லை. அதே மேட்ரிக்ஸ்லயே மாத்திட்டு போனீங்கன்னா மேல இருக்குற நிரை புதுசு, கீழ இருக்குறது பழசு, நடுவுல நீங்க எண்ணறது எந்தத் தலைமுறையும் இல்ல. ஏதோ உயிர் மாதிரி நெளியும், சரியா வருதுனு நாமளும் நம்பிடுவோம். மேட்ரிக்ஸ் பெருக்கல்ல விடையை முதல் மேட்ரிக்ஸ்லயே போடறதும் இந்த ஜாதி தப்புதான். ரெண்டாவதா ஒரு மேட்ரிக்ஸ் வச்சுக்கோங்க, மெமரி ஒண்ணும் அழியாது.

மேட்ரிக்ஸ்ல இந்தத் தப்பு பண்ணா திரும்ப ரன் பண்ணிக்கலாம். ஃபைல்ல பண்ணா?

டபிள்யூ மோட்ல திறந்துட்டு அப்புறம் யோசிக்கிறது

இதைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன், மேல இருக்கறதெல்லாம் முன்னுரைனு வச்சுக்கோங்க.

டபிள்யூ-னா எழுதறதுனு எல்லாருக்கும் தெரியும். எப்ப அழியும்னுதான் தெரியாது. நீங்க முதல் வரி எழுதும்போது பழசு அழியும்னு நெனச்சுட்டு இருப்பீங்க. இல்லங்க, திறக்கற அந்த நொடியே ஃபைல் 0 பைட். நீங்க ஒரு எழுத்து கூட எழுத வேணாம், திறந்தாலே போதும்.

எனக்கு நடந்தது இது. ஒரு இடத்துல மணிக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் குறிச்சு வச்ச நோட்டு ஒண்ணு என்கிட்ட வந்துச்சு, 120 நாள், நாளைக்கு 24 எண், மொத்தம் 2880. நானே கையால டைப் பண்ணேன். அதை மேட்ரிக்ஸா படிச்சு, புது நாளைச் சேத்து, திரும்ப சேவ் பண்ற மாதிரி சி-ல ஒரு புரோகிராம், வாரக்கணக்கா ஒழுங்காத்தான் ஓடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் ஒவ்வொரு நிரைக்கும் சராசரியும் சேத்து எழுதலாமேனு ஆசை வந்துச்சு. சேவ் பண்ற ஃபங்ஷனுக்குள்ள, ஃபைலைத் திறந்ததுக்கு அப்புறம், எழுதிக்கிட்டே சராசரியும் கணக்குப் போட்டேன். ஒன்பதாவது நாள் யாருமே எதுவும் குறிக்கல, 24 இடத்துலயும் மைனஸ் 1 போட்டு வச்சிருந்தேன். அதை எண்ணாம விட்டா எண்ணிக்கை 0, முழு எண்ணை 0ஆல வகுத்தா என் மெஷின்ல புரோகிராம் அங்கயே செத்துடும். செத்துச்சு.

அதுக்கு முன்னாடி எழுதின எட்டு நாளாவது இருக்கும்னு போய்ப் பாத்தேன். அதுவும் இல்ல. எஃப்-பிரின்ட்-எஃப் (சி-ல ஃபைல்ல எழுதற ஃபங்ஷன்) கொடுத்த உடனே டிஸ்க்குக்குப் போகாது, பஃபர்ங்கற தற்காலிக இடத்துல சேந்து சேந்து கொஞ்சம் நிறைஞ்சதும்தான் போகும். எட்டு நிரைங்கறது எழுநூறு பைட் கூட வராது, பஃபரே நிறையல, புரோகிராமோட சேந்து அதுவும் போயிடுச்சு.

இதுவரைக்கும் நடந்ததைக் கூட மன்னிச்சுடுவேன். என்கிட்ட பேக்கப் இருந்துச்சு. புரோகிராம் ஆரம்பிச்ச உடனே முதல் வேலையா ஃபைலை இன்னொரு பேர்ல காப்பி எடுத்து வைக்கிற மாதிரி நானே எழுதி வச்சிருந்தேன், பெரிய புத்திசாலினு நெனப்பு. ஃபைல் காலியா கிடக்கறதைப் பாத்த பதட்டத்துல நான் என்ன பண்ணேன்? திரும்ப ரன் பண்ணேன். காலி ஃபைலை எடுத்து நல்ல பேக்கப் மேல ஏத்திட்டு, 0 நிரை படிச்சாச்சுனு சொல்லிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு. இத்தனை வருஷம் ஆகியும் அந்த எண்டர் கீயைத் தட்டின விரல் மேல கோவம் போகல. ரெண்டு ராத்திரி உக்காந்து நோட்டுல இருந்த எண்ணையெல்லாம் திரும்ப டைப் பண்ணேன், அதுக்குள்ள நோட்டுல ஒரு தாள் கிழிஞ்சு தொலைஞ்சிருந்துச்சு, அந்த நாட்கள் போனது போனதுதான்.

தம்பியும் அன்னிக்கு முதல் வரியிலயே டபிள்யூல திறந்துட்டு அப்புறம்தான் கீபோர்டுல இருந்து புது மார்க்கைக் கேட்டான். ஏன்டா இப்படினு கேட்டா "டெஸ்ட் டேட்டாதானே அண்ணா"ங்கறான். எல்லாருக்கும் டெஸ்ட் டேட்டாலதான் பழகுது.

இப்ப நான் பண்றது: எழுத வேண்டியது முழுசையும் மெமரியில கணக்குப் போட்டு முடிச்சுட்டுதான் ஃபைல் பக்கமே போவேன். அப்பவும் பழைய ஃபைலைத் தொட மாட்டேன். அதே ஃபோல்டர்ல வேற பேர்ல புது ஃபைல், அதுல எழுதி, ஃப்ளஷ் பண்ணி (பஃபரைக் காலி பண்ணி), எஃப்சிங்க் கொடுத்து (நிஜமாவே டிஸ்க்குக்குப் போகச் சொல்லி), மூடி, எல்லாம் தப்பில்லாம முடிஞ்சாத்தான் பேரை மாத்தி பழசு மேல வைப்பேன். லினக்ஸ், மேக் மாதிரி சிஸ்டத்துல பேர் மாத்தறது ஒரே அடியில நடக்கும், யார் திறந்து பாத்தாலும் ஒண்ணு முழு பழசு, இல்ல முழு புதுசு, பாதி வெந்தது கிடையாது. அதே ஃபோல்டர்னு சொன்னதுக்கு காரணம், வேற டிஸ்க்குக்கு இந்த வித்தை நடக்காது. சி-ல இருக்குற ரினேம் விண்டோஸ்ல பழைய ஃபைல் இருந்தா முரண்டு பிடிக்கும், பைத்தான்ல 3.3ல இருந்து ஓஎஸ் மாடியூல்ல ரீப்ளேஸ்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டு பக்கமும் ஒத்து வரும். சி-ல எஃப்-க்ளோஸ் என்ன திருப்பித் தருதுனும் பாருங்க, டிஸ்க் ஃபுல்லாகிட்டா பல நேரம் அங்கதான் தெரிய வரும்.

இன்னொண்ணும் சேத்திருக்கேன். படிச்ச நிரையை விட எழுதப் போற நிரை கம்மியா இருந்தா சேவ் பண்ணாம நின்னு கேக்கும். அன்னிக்கு பேக்கப்புக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு இஃப் போட்டிருந்தா அந்த ரெண்டு ராத்திரி தூங்கிருப்பேன்.

டெர்மினல்ல வேலை பண்றவங்களும் சிரிக்காதீங்க. ஒரு ஃபைலை சார்ட் பண்ணி, அம்புக்குறி போட்டு அதே ஃபைலுக்கு அனுப்பிப் பாருங்க. சார்ட் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஷெல் (டெர்மினல்ல நம்ம கட்டளையை வாங்கி ஓட்டற புரோகிராம்) அந்த ஃபைலைக் காலி பண்ணிடும், சார்ட் படிக்கறது வெறும் காத்து. அதுக்குன்னே சார்ட்ல மைனஸ் ஓ-னு ஒரு ஆப்ஷன் இருக்கு.

சரி டபிள்யூ வேணாம், ஆர் ப்ளஸ்ல (படிக்கவும் எழுதவும் ஆகற மோட்) திறந்து ஆரம்பத்துல இருந்து மேலயே எழுதிடறேன்னு சில பேர் கிளம்புவாங்க. ஆர் ப்ளஸ் அழிக்காது, அதுதான் வம்பே. 100ங்கற இடத்துல 99 எழுதினா ஒரு எழுத்து கம்மி, கடைசில பழைய வாலு தொங்கிட்டே இருக்கும், ட்ரன்கேட் பண்ணி வாலை வெட்டினாத்தான் போகும். ஏ மோட்ல திறந்தா? ஒவ்வொரு ரன்லயும் முழு மேட்ரிக்ஸும் கீழ ஒட்டிக்கும், 40 பேர் கிளாஸ் 80 ஆகும், 160 ஆகும். இருக்கற ஃபைலைத் தெரியாம அழிச்சுடுவோம்னு பயமா இருந்தா எக்ஸ் மோட் இருக்கு, அந்தப் பேர்ல ஃபைல் இருந்தா திறக்கவே மாட்டேன்னுடும்.

சிஎஸ்வியை கமாவுல வெட்டாதீங்க

சிஎஸ்வினா கமா போட்டுப் பிரிச்ச டேபிள் ஃபைல், ஆனா பேருக்குள்ளயே கமா வரும். லைப்ரரி இருக்கு.

பைத்தான்ல மைனஸ் 1 இன்டெக்ஸ்

பக்கத்து செல்லைப் பாக்கும்போது நிரை 0ல நின்னுட்டு மேல போனா எரர் வராது, கடைசி நிரைக்கு சுத்திக்கிட்டு போயிடும். எல்லையை நீங்களே செக் பண்ணணும்.

படிச்ச எண்ணை எண்ணா மாத்தாம ஒப்பிடறது

ஃபைல்ல இருந்து வர்றது எழுத்து. எழுத்துக் கணக்குல 9 தான் 10ஐ விடப் பெருசு. ரேங்க் போட்டா 9 மார்க் எடுத்தவன் 100 எடுத்தவனுக்கு முன்னாடி வந்து நிப்பான்.

சி-ல பெரிய மேட்ரிக்ஸை ஃபங்ஷனுக்குள்ள வைக்கிறது

2000க்கு 2000 இன்ட், ஒண்ணுக்கு 4 பைட்னா 16 எம்பி. ஃபங்ஷனுக்குள்ள வைக்கறது போய் உக்கார்ற இடம் ஸ்டேக், அது லினக்ஸ்ல வழக்கமா 8 எம்பி, விண்டோஸ்ல 1 எம்பிதான். மாலாக் ஃபங்ஷன் வச்சு தனியா மெமரி கேட்டு வாங்குங்க.

என்கோடிங்

தமிழ் பேர் இருக்குற ஃபைலா, திறக்கும்போதே என்கோடிங் (எழுத்தை பைட்டா மாத்துற முறை) யூடிஎஃப்-8னு சொல்லிடுங்க. உங்க மெஷின்ல சொல்லாமயே ஓடும், அடுத்தவன் விண்டோஸ்ல கொத்துக் கொத்தா குப்பை வரலாம்.

எஃப்-இ-ஓ-எஃப் வச்சு லூப் ஓட்டறது

தங்கச்சி லிஸ்ட்ல கடைசி ஆள் ரெண்டு தடவை வந்தாங்க, சராசரியும் அதனால தப்பு, அவ பாவம் டேட்டாலதான் டூப்ளிகேட் இருக்குனு ஃபைலையே திருத்தப் போயிட்டா. ஃபைல் முடிஞ்சுதான்னு அந்த ஃபங்ஷன் முன்கூட்டி சொல்லாது, படிக்க முயற்சி பண்ணி தோத்ததுக்கு அப்புறம்தான் ஆமாம்னும். அதுக்குள்ள லூப் ஒரு சுத்து கூட ஓடியிருக்கும், வேரியபிள்ல இருக்கறது போன ஆளோட மார்க். எஃப்-ஸ்கேன்-எஃப் எத்தனை எண்ணைப் படிச்சேன்னு திருப்பிச் சொல்லுதுல்ல, அதையே லூப் கண்டிஷனா வச்சோம், சரியாயிடுச்சு.