தோல் அட்டை உறை செய்து பொருள் வடிவமைப்பு பழகுவோம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வடிவமைப்பு, மூலப்பொருள், உற்பத்தி முறை என்று பாடத்தில் வருகிற மூன்றும் நம் ஊரிலேயே தோல் பதனிடும் பட்டறையாகவும் ஷூ கம்பெனியாகவும் கண்ணெதிரே நடக்கின்றன. அதனால் ஒரு சின்ன தோல் உறையிலிருந்தே தொடங்குவோம். ஏடிஎம் கார்டு, ஆதார், பான் அட்டை மூன்றையும் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் உறை.

படி 1: யாருக்கு, எங்கே?

படம் வரைய அவசரப்படாதீர்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டையை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உறையின் வாயில் விரல் நுழைய ஒரு வெட்டு தேவை. சட்டைப்பையில் குத்தாமலிருக்க மூலைகள் வளைந்திருக்க வேண்டும். வேலூர் வெயிலில் வியர்வை படும், அதையும் எழுதி வையுங்கள்.

படி 2: அளவு

இந்த மூன்று அட்டைகளுக்கும் ஒரே அளவுதான்: 85.6 × 54 மில்லிமீட்டர், கனம் 0.76. மூன்றை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3 மி.மீ. வரும். இந்தக் கனம் உறையின் அகலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். நான் முதலில் செய்த உறையில் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. தையலுக்கு நடுவே சரியாக 86 மி.மீ. விட்டிருந்தேன், ஒரு அட்டைகூட ஒழுங்காக உள்ளே போகவில்லை.

சரியான கணக்கு இது. அகலத்தில் பக்கத்துக்கு 2 மி.மீ. தளர்வு, தையலுக்கு 3 மி.மீ.; ஆக 86 + 10 = 96. உயரத்தில் அடிப்பக்கம் மட்டும்தான் தையல், எனவே 54 + 5 = 59. இதற்கு மேல் தளர்வு வேண்டாம், தோல் பழகப் பழகத் தானே கொஞ்சம் விரியும்.

படி 3: அட்டை மாதிரி

பழைய கல்யாணப் பத்திரிகையில் 96 × 59 அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தை வாய்ப்பக்கத்தில் பாதி மட்டும் உள்ளே இருக்கும்படி வைத்து, சுற்றி வரைந்து வெட்டினால் விரல் வைக்கும் இடம் தயார். மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் அடித்து அட்டைகளைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் அம்மாவிடமும் கொடுத்து ஒரு கையால் எடுக்கச் சொல்லுங்கள். விரல் தடுமாறினால் வடிவத்தை மாற்றி மறுபடி வெட்டுங்கள்.

படி 4: தோல் தேர்வு

இங்கே நிதானமாக நில்லுங்கள். பதனிடும் முறையில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது, மிருதுவானது, ஈரத்தைத் தாங்கும்; ஷூவின் மேல்பாகத்துக்கு அதிகம் போவது இதுதான். ஆனால் அதன் வெட்டிய ஓரம் தேய்த்தாலும் வழவழப்பாகாது. தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். ஓரத்தில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மெருகேறும். நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம் பட்டை. அதில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றிலும் போடுவார்கள்.

ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் குணம் வேறு. முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். உறைக்கு முதுகுப் பகுதியில் 1 மி.மீ. கனமுள்ள ஆட்டுத்தோல் போதும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

முழுத் தோல் வாங்க வேண்டாம், துண்டுத் தோலே போதும். தோல் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் பாழானதைப் பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. நம் கையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அப்படித் தண்ணீரைக் குடித்து வந்ததுதான். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

படி 5: வெட்டு, ஒட்டு, தையல்

இரும்பு ஸ்கேலைப் பிடித்துக் கட்டரால் லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் தோல் நகர்ந்துவிடும். விரல்கள் ஸ்கேலின் ஓரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. மூன்று ஓரங்களில் மட்டும் மெல்லியதாகப் பசை தடவி ஒட்டி, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே, 4 மி.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். இதைவிட நெருக்கமாகப் போட்டால் தபால்தலை கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

அப்புறம் ஒரு மீட்டர் மெழுகு நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைய வேண்டும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும்.

படி 6: ஆயிரம் உறை என்றால்?

கத்தி ஒரு உறைக்குச் சரி. இருபதுக்குத் தகர மாதிரி வைத்து வரையலாம். ஆயிரம் என்றால் கிளிக்கிங் மெஷின் என்கிற தோல் வெட்டும் இயந்திரத்தில், உறையின் வடிவத்திலேயே செய்த இரும்பு வெட்டு அச்சை (டை) வைத்து அழுத்துவார்கள், ஓரத்தை ஸ்கைவிங் செய்து மெல்லியதாக்குவார்கள், மெஷினில் தைப்பார்கள். கையால் சிரமப்பட்டு வெட்டிய வளைந்த மூலையை டை ஒரே அழுத்தில் வெட்டிவிடும். அதற்குப் பதிலாக டை செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடும். எத்தனை செய்யப் போகிறோம் என்பதையும் முதல் படியிலேயே எழுதுங்கள்.

ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துத் திரியுங்கள். குனியும்போது அட்டை நழுவி விழுந்தால் பக்கத் தளர்வை 2 மி.மீ.யிலிருந்து 1.5 ஆகக் குறைத்து, 95 × 59 அளவில் இன்னொரு பத்திரிகை அட்டையை வெட்டுங்கள்.